ஒரே நாளில் 42 மலைகள்!

பள்ளி மைதானத்தைப் பத்து முறை சுற்றி ஓடச் சொன்னாலே நமக்கு மூச்சு வாங்கும். ஒருவர் ஒரே நாளில் 42 மலைகளில் ஏறி இறங்கினார் என்றால் நம்புவீர்களா, குட்டீஸ்? அன்று பலரும் நம்பவில்லை. அவர்களது சந்தேகம் தீர 28 ஆண்டுகள் ஆயின. அந்த மனிதரின் பெயர் பாப் கிரஹாம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்ற அழகான பகுதி இருக்கிறது. ஏரிகளும் மலைகளும் நிறைந்த இடம். அங்குள்ள கெஸ்விக் என்ற சிற்றூரில், சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வந்தார் கிரஹாம். 1889ல் பிறந்த அவர், விளையாட்டு வீரர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. ஆனால், மலைகள் என்றால் அவருக்கு உயிர்!

அந்த ஊர் மலைகளில் ஓடுவது எளிதல்ல. இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக்கின் உயரம் 978 மீட்டர்தான். ஆனால், ஏற்றம் செங்குத்தாக இருக்கும். சரிவில் கால் வைத்தால் சிறு கற்கள் உருளும். ஈரப் புல் வழுக்கும். சில இடங்களில் கைகளையும் ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும். திடீரென்று மூடுபனி சூழ்ந்தால் வழியே தெரியாது. அதனால் கால் வலிமை மட்டும் போதாது. மலையின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாக வேண்டும்.

கிரஹாம் அதைத்தான் செய்தார். ஓட வேண்டிய மலைகளில் முன்பே நடந்து நடந்து பாதையைப் பழகினார். காலணி தேய்ந்து விடக் கூடாது என்று, அப்போது வெறுங்காலுடன் நடந்தார் என்றும் சொல்வார்கள்.

1932 ஜூன் 13. நள்ளிரவு தாண்டி மணி 1. கெஸ்விக் கடைவீதியின் நடுவே 'மூட் ஹால்' என்ற பழைய கட்டடம் உண்டு. அதன் கடிகாரத்தில் ஒரே ஒரு முள்தான் இருக்கும்! அங்கிருந்து கிளம்பினார் கிரஹாம். அப்போது அவர் நாற்பது வயதைத் தாண்டியிருந்தார்.

இன்றைய மலை ஓட்ட வீரர்களைப் போல விசேஷ உடையா அணிந்திருந்தார்? இல்லை. சாதாரண கான்வாஸ் ஷூ, அரைக்கால் சட்டை, மேலே இரவில் உடுத்தும் பைஜாமா சட்டை. அவ்வளவுதான்! வெண்ணெய் தடவிய ரொட்டி, லேசாக வேக வைத்த முட்டை, பழங்கள், மிட்டாய்... இவைதான் உணவு. நண்பர்கள் சிலர் துணைக்கு ஓடினர்.

ஏறுவதும் இறங்குவதுமாகப் பகல் முழுவதும் கழிந்தது. மீண்டும் இருட்டியது. நள்ளிரவு 12.39க்கு மூட் ஹால் வாசலுக்கு வந்து சேர்ந்தார். மொத்தம் 23 மணி 39 நிமிடங்கள். இன்னும் 21 நிமிடம் தாமதித்திருந்தால், ஒரு நாள் தாண்டியிருக்கும்.

அவர் கடந்த தூரம் சுமார் 106 கி.மீ. ஓர் அரை மாரத்தான் 21 கி.மீ. அப்படியானால், மலையிலேயே ஐந்து அரை மாரத்தான்! ஏறிய உயரத்தைக் கூட்டினால், சுமார் 8,200 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தின் உயரமே 8,849 மீட்டர்தான்.

இதெல்லாம் மனிதனால் முடியுமா என்று பலரும் சந்தேகித்தனர். ஆண்டுகள் ஓடின. அவர் செய்ததைத் திரும்பச் செய்து காட்ட யாராலும் முடியவில்லை. சந்தேகமும் வளர்ந்தது.

1960ல் ஆலன் ஹீட்டன் என்ற வீரர் 42 மலைகளில் ஓடினார். 22 மணி 18 நிமிடங்களில் முடித்தார். மனிதனால் முடியும் என்பது உறுதியானது! அப்போது கிரஹாம் உயிரோடு இருந்தார். 1966ல்தான் அவர் மறைந்தார்.

1971ல் அவர் பெயரில் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 24 மணி நேரத்துக்குள் இந்த 42 மலைகளையும் முடிப்பவர்களே அதில் உறுப்பினர் ஆகலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு சிகரத்திலும் சாட்சியாக ஒருவர் உடன் இருக்க வேண்டும். கிரஹாமைச் சந்தேகித்தது போல, இனி யாரையும் சந்தேகிக்க முடியாது அல்லவா! 1977ல் ஜீன் டாஸ் என்ற பெண்மணியும் இதை முடித்துக் காட்டினார். இதுவரை 2,000க்கும் அதிகமானோர் சாதித்து விட்டனர்.

பாப் கிரஹாம் ஓட்டத்தில் பதக்கம் கிடையாது. பரிசுத் தொகையும் கிடையாது. மூட் ஹால் கதவைத் தொட்டால் ஓட்டம் முடிந்தது.

நீங்கள் உண்மையாக உழைத்துச் செய்த ஒன்றை மற்றவர்கள் நம்பாமல் போகலாம், குட்டீஸ். அதற்காகச் சோர்ந்து விடாதீர்கள். உண்மை மெதுவாகத்தான் மலை ஏறும். ஆனால், உச்சியை அடையாமல் விடாது!