துளிக்கு முடிசூட்டிய எஞ்சினியர்

பழரசப் புட்டியின் லேபிளைப் பாருங்கள். கோப்பையில் விழும் ரசம் எகிறிக் குதிக்கிறது. அதன் துளிகள் முத்துக்களைப் போல அந்தரத்தில் நிற்கின்றன. பார்த்த மாத்திரத்தில் தாகம் எடுக்கிறது. கண்ணுக்கு எட்டாத அந்தக் கணத்தைப் படத்தில் நிறுத்த வழி வகுத்தவர்களில் முதன்மையானவர் ஒரு மின்சார எஞ்சினியர். அமெரிக்கரான ஹெரால்டு எட்ஜர்டன்தான் அவர்.

1903-ம் ஆண்டில் நெப்ராஸ்கா மாகாணத்தில் பிறந்த எட்ஜர்டன், அரோரா என்னும் சிற்றூரில் வளர்ந்தார். படம் பிடிக்கும் வித்தையை இளவயதில் உறவினர் ஒருவரிடம் கற்றார். பின்னர் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

சுழலும் மோட்டாரை ஆராய்வதே அங்கு அவருடைய வேலை. விட்டு விட்டு மின்னும் விளக்கொளியை அதன்மீது பாய்ச்சினார். ஒளியின் வேகமும் சுழற்சியின் வேகமும் ஒத்துப்போனபோது, ஓடும் மோட்டார் அசையாமல் நிற்பதுபோல் தோன்றியது. மோட்டாரை நிறுத்திக் காட்டும் ஒளி, குழாயில் கொட்டும் தண்ணீரையும் நிறுத்திக் காட்டாதா? அவர் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது.

இருளில் ஒரு மின்னல்

தெறிக்கும் நீரைச் சாதாரண விளக்கொளியில் படம் பிடித்தால் புகைபோல் கலங்கித் தெரியும். அன்றைய காமிராவின் மூடி எவ்வளவு விரைவாக இயங்கினாலும் துளி அதை முந்திவிட்டது. எட்ஜர்டன் மூடியை நம்பவில்லை. அறையை இருட்டாக்கி, காமிராவைத் திறந்தே வைத்தார். மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை வாயு நிரம்பிய குழாயில் ஒரே நொடிப்பில் பாய்ச்சினார். அந்த ஒளி நீடித்தது விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் துளியால் நகர முடியவில்லை.

பாலையும் அவர் விடவில்லை. வெண்மையான பால் ஒளியைச் சிதறடித்துத் தன் வடிவத்தைத் தெளிவாகக் காட்டும். தட்டில் படர்ந்த மெல்லிய பால் படலத்தில் ஒரு துளி விழுந்ததும் வட்டச் சுவர் ஒன்று எழும்பும். அதன் விளிம்பு முத்து முத்தாகப் பிரியும். அசல் ராஜகிரீடம்! 1930-களில் கறுப்பு வெள்ளையில் எடுத்த கிரீடத்தோடு அவர் திருப்தி அடையவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றார். உலகப் புகழ் பெற்ற வண்ணப் படம் கிடைத்தது 1957-ல்தான். ஏறக்குறைய இரண்டு மாமாங்கத் தவம்!

கடை வீதிக்கு வந்த ஒளி

இதற்கிடையே ஜான் மிலி என்ற புகைப்பட நிபுணர் எட்ஜர்டனின் விளக்கைக் கொண்டு 'லைஃப்' பத்திரிகைக்குப் படங்கள் எடுத்தார். மின்னணு ஒளி நாளடைவில் ஸ்டூடியோக்களில் பரவி, விளம்பரக்காரர்களின் கைக்கும் வந்தது. பாலும் பழரசமும் ஷாம்புவும் அதன் உதவியால் லேபிள்களில் துள்ளிக் குதிக்கலாயின.

விளம்பரக்காரர்களுக்கு வேறு தந்திரங்களும் உண்டு. புட்டியில் அரும்பும் குளிர்ந்த வியர்வை பெரும்பாலும் கிளிசரின் கலந்த நீர். உருகாத ஐஸ் கட்டி அக்ரிலிக் பிளாஸ்டிக். எட்ஜர்டனோ தம்மைக் கலைஞர் என்று அழைப்பதைக்கூட விரும்பவில்லை. எஞ்சினியரான தமக்கு உண்மைதான் வேண்டும் என்பது அவர் கொள்கை.

1990 ஜனவரி 4-ம் தேதி, தாம் பணியாற்றிய கழகத்தின் வளாகத்திலேயே அவர் காலமானார். அடுத்த முறை புட்டியை வாங்கும்போது அதன் வியர்வையை நம்ப வேண்டாம். ஆனால் காமிரா பிடித்த தெறிப்பாக இருந்தால், தலை நிமிர்ந்து நிற்கும் அந்தக் கிரீடத்தை நம்பலாம். அது துளி தானே சூடிக்கொண்டது.