சித்திரத் திருத்தொண்டர் ராஜா ரவிவர்மா

இறைவனுக்குத் திருமேனி சமைக்கும் கலை இந்நாட்டில் வழிவழியாக வருவது. தந்தை மகனுக்கும் ஆசிரியர் மாணவருக்கும் தாள அளவையும் தியான சுலோகத்தையும் கற்பிப்பர். கல்லைத் தேர்தல் முதல் கண் திறத்தல் ஈறாக அனைத்தும் குருமுகமாக அறிய வேண்டியவை. அத்தகைய நாட்டில், எண்ணெய் வண்ணம் என்னும் புதிய கலையை முறையாகக் கற்பிப்பார் இன்றித் தம் முயற்சியாலே பயின்று, அதனையே வாழ்க்கைத் தொழிலாகவும் மேற்கொண்டு, தெய்வத் திருவுருவங்களை எளியோர் இல்லங்களிலும் எழுந்தருளச் செய்த பெருமகனார் ராஜா ரவிவர்மா. அவருடைய வரலாறு திருக்கோயில் பணியில் ஈடுபட்ட அன்பர்கள் அறிந்து இன்புறத் தக்கது.

திருவிதாங்கூர் நாட்டில், திருவனந்தபுரத்திற்கு வடக்கே அமைந்த கிளிமானூர் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் ரவிவர்மா தோன்றினார். தந்தையார் ஏழுமாவில் நீலகண்டன் பட்டத்திரிப்பாடு வடமொழிப் புலமை மிக்கவர். அன்னையார் உமா அம்பாபாய்த் தம்புராட்டி கவி பாடும் ஆற்றல் வாய்ந்தவர். பார்வதி சுயம்வரத்தைத் துள்ளற் பாட்டாக இயற்றியவர். இதிகாச புராணங்களும் கதகளியும் சங்கீதமும் நிறைந்த அவ்வில்லத்தில், குழந்தை பிற்காலத்தில் தீட்டப்போகும் கதைகளையெல்லாம் செவிவழியே உண்டு வளர்ந்தது.

அரண்மனைச் சுவர்களில் சிறுவன் கரிக்கட்டியால் விலங்குகளையும் மனிதரையும் வரைந்து வைப்பான் என்றும், ஏவலாளர் அதனைக் குற்றமாகக் கண்டபோது அம்மான் ராஜராஜவர்மா அதனில் ஒளிந்திருந்த திறமையைக் கண்டார் என்றும் கூறுவர். அம்மான் தாமும் தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுத வல்லவர். தமக்குத் தெரிந்த அடிப்படைப் பயிற்சியை மருமகனுக்கு அளித்தார். 1862-ஆம் ஆண்டில், பதினான்கு வயதுச் சிறுவனை அழைத்துச் சென்று மகாராஜா ஆயில்யம் திருநாளின் திருமுன் நிறுத்தினார். மன்னர் சிறுவனின் கைத்திறம் கண்டு மகிழ்ந்து, தலைநகரிலேயே தங்கிப் பயில வழிசெய்தார். அரண்மனையில் இருந்த மேனாட்டு ஓவியங்களும் படநூல்களும் அவருக்குப் பார்வைக்குக் கிடைத்தன.

எண்ணெய் வண்ணம் அக்காலத்தில் இந்நாட்டினருக்குப் புதியது. இலை, பூ, மண், மரப்பட்டை ஆகியவற்றினின்று எடுக்கும் நீர்வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். எண்ணெயில் குழைத்த வண்ணமோ நெடுநேரம் ஈரமாகவே நிற்கும். ஒரு நிறத்தை மற்றொன்றில் இழைத்து, கன்னத்தின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் விளக்கொளியின் சாயலையும் காட்ட அதனால் இயலும். ஆனால், அதனைக் கையாளும் நுட்பம் அறிந்தவர் மிகச் சிலரே. அரசவையில் இருந்த மதுரை ஓவியர் இராமசாமி நாயக்கர் அச்சிலருள் ஒருவர். தொழில் மறைபொருளைப் பிறர்க்கு வெளியிடாமை அந்நாளைய கலைஞர் பலருக்கு வழக்கமாதலின், அவர் அதனை இளைஞருக்குக் கற்பிக்க இசைந்தாரில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை என்பவரே ஆசிரியர் அறியாவண்ணம் வந்து, தாம் அறிந்தவற்றை ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பர்.

1868-ஆம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்னும் டென்மார்க்கு நாட்டில் பிறந்த ஓவியர் மன்னரின் உருவப்படம் தீட்டத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க உடன்படவில்லை. மன்னரின் விருப்பத்திற்கு இணங்கி, தாம் தீட்டும்போது அருகில் இருந்து பார்க்க மட்டும் இடம் தந்தார். ரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாயிற்று. தூரிகை எவ்வளவு வண்ணம் ஏற்கிறது, நிழல் எங்கே தொடங்குகிறது, ஒளி எங்கே இறுதியாக வைக்கப்படுகிறது என்பவற்றையெல்லாம் கண்ணாலேயே கற்றார். கண்டதைத் தாமே செய்து பார்த்தும், பிழைத்ததை அழித்து மீண்டும் தீட்டியும் ஆண்டுகள் பல உழைத்தார்.

கலை கைவந்த பின்னர் வேறொரு வினா எழுந்தது. 1866-ஆம் ஆண்டில் அவர் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதி பாயை மணந்திருந்தார். அம்மையார் திருவிதாங்கூர் மகாராணி இலட்சுமி பாயின் தங்கை. இத்தகைய உயர்குடியினர் பொழுதுபோக்காகப் படம் எழுதலாம். கூலி பெற்று எழுதுதல் குடிப்பெருமைக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. மன்னர் மனம் மகிழ்ந்து அளிக்கும் பரிசில் வேறு. விலை பேசிப் படம் எழுதித் தருதல் வேறு. தொழிலாகக் கொள்ளாத கலையோ அரண்மனைச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இவ்வினாவுக்கு விடை தேடி அவர் சென்ற இடம் அம்பிகையின் சந்நிதி. 1870-ஆம் ஆண்டில், மேற்குத் தொடர்ச்சி மலையின் குடசாத்திரி அடிவாரத்தில், சௌபர்ணிகை நதிக்கரையில் கோயில் கொண்டுள்ள கொல்லூர் மூகாம்பிகையைத் தரிசிக்கப் புறப்பட்டார். கலைகளுக்கெல்லாம் தலைவியாகிய அவ்வன்னையின் திருமுன் நாற்பத்தொரு நாள் விரதம் பூண்டு வழிபட்டார். கற்பிக்க ஆசான் வாய்க்காத குறையை அங்கே போக்கிக்கொண்டார் போலும். திரும்பும் வழியில் கோழிக்கோட்டில், சார்பு நீதிபதியாயிருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் தம் குடும்பத்தாரின் உருவப்படத்தை எழுதித் தர வேண்டினார். ஊதியம் பெற்று ரவிவர்மா எழுதிய முதற்படம் அதுவே. அன்று தொட்டு ஓவியம் அவருக்கு வழிபாடாகவும் வாழ்வாதாரமாகவும் அமைந்தது.

புகழ் விரைந்து வந்தது. 1873-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் நங்கையின் படத்திற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்படம் வியன்னா நகர்க் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, தமிழ்ப் பெண்ணொருத்தி இசைக்கருவி மீட்டும் படம் சென்னையில் மீண்டும் பதக்கம் பெற்றது. சகுந்தலை தாமரை இலையில் துஷ்யந்தனுக்கு மடல் தீட்டும் படத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு தாமே விலை கொடுத்து வாங்கினார்.

1880-ஆம் ஆண்டில் ஆயில்யம் திருநாள் மறைந்தார். பழைய ஆதரவு திருவனந்தபுரத்தில் குன்றியது. அவ்வேளையில் கைகொடுத்தவர், கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாயிருந்து, பின்னர் பரோடாவில் அப்பதவி வகித்த சர் டி. மாதவராவ். இளைய மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடு 1881-ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பேற்ற விழாவையொட்டி ரவிவர்மாவைப் பரோடாவுக்கு அழைத்தார். பிற்காலத்தில், மக்கள் நாடும் இப்படங்களுக்கு ஒருவர் கை ஈடுகொடுக்க இயலாது, ஆகவே ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுப் பரப்புக என்னும் யோசனையை 1884-ஆம் ஆண்டிலேயே எழுதியவரும் அவரே.

1888-ஆம் ஆண்டில் பரோடா மன்னர் தம் அரண்மனைக்கு இதிகாச புராணக் காட்சிகள் பதினான்கை எழுதித் தருமாறு பணித்தார். ரவிவர்மா உடனே தூரிகையை எடுக்கவில்லை. தம்பி சி. ராஜராஜவர்மாவுடன் வட இந்தியாவெங்கும் சுற்றி, மக்களின் உடையையும் அணியையும் முகச் சாயலையும் கண்டு வந்தார். தமயந்தியும் சீதையும் எந்நாட்டாருக்கும் அயலாகத் தோன்றலாகாது என்பது அவர் கவலை. படங்கள் முடிவுற்றபோது ஐம்பதினாயிரம் ரூபாய் ஊதியமாகக் கிடைத்தது. பரோடாவிலும் பம்பாயிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரள்திரளாக வந்து கண்டனர். அரசருக்கு எழுதியவற்றை ஏழையரும் விழைகின்றனர் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். 1893-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ கண்காட்சிக்கு அவருடைய படங்கள் பத்து சென்று பரிசு பெற்றன.

மாதவராவின் யோசனை 1894-ஆம் ஆண்டில் நிறைவேறியது. பம்பாய் கிர்காமில் ரவிவர்மா சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். இயந்திரங்களும் தொழில் வல்லாரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்பு கலந்த மையால் படத்தை வரைந்து, கல்லை நீரால் நனைத்து, மேலே அச்சுமையை உருட்டுவர். நனைந்த இடம் மையை ஏலாது. வரைந்த இடம் மட்டும் ஏற்கும். ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். இம்மியும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால்தான் இலக்குமியின் திருமுகம் துலங்கும். சகுந்தலையின் பிறப்பு முதற்படமாக வெளிவந்தது. தாமரையில் நிற்கும் திருமகளும், வீணையேந்திய கலைமகளும் பின்தொடர்ந்தனர்.

தெய்வப் படங்கள் நாடெங்கும் சென்றன. ஆயினும், அச்சுக்கூடம் உரிமையாளருக்குச் செல்வம் சேர்க்கவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவித் தொழிலாளர் கலைந்தனர். லோணாவ்ளாவை அடுத்த மளவ்லிக்கு இயந்திரங்கள் பெயர்க்கப்பட்டன. கடன் பெருகவே, சில ஆண்டுகளில் கூடம் அங்குப் பணியாற்றிய ஜெர்மானியர் பிரிட்ஸ் சிலைக்கர் கைக்கு மாறியது. முயன்று கட்டிய தொழில் தம் கைவிட்டுப் போனபோதும் ரவிவர்மா தூரிகையைக் கீழே வைக்கவில்லை. முதுமையிலும் ஊர் ஊராகச் சென்று படம் எழுதினார். 1904-ஆம் ஆண்டில் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, பயணத்திலும் பணியிலும் வலக்கையாய் இருந்த தம்பி மறைந்தார். நீரிழிவால் நலிந்திருந்த ரவிவர்மா 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஐம்பத்தெட்டாம் அகவையில் இறைவனடி சேர்ந்தார். மளவ்லி அச்சுக்கூடமும் 1972-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று.

அவருடைய ஓவியம் மேனாட்டு முறையைத் தழுவியது, பாரத மரபின் உட்பொருளை உணர்த்தாதது என்று கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி போன்றோர் குறை கூறினர். ஆகமத்தின் அளவைக் கொண்டு நோக்குவார்க்கும் அக்குறை புலப்படலாம். கருவறைத் திருமேனிக்கு அவர் படம் ஈடாகாது. அவர் அதற்குப் போட்டியாக அதனை எழுதவும் இல்லை. ஆனால், அந்நாளில் மக்களுள் பெரும்பகுதியினர் பிறப்பின் காரணமாகக் கோயில் வாயிலைக் கடக்க இயலாதிருந்தனர் என்பதை மறத்தலாகாது. சந்நிதியைக் காணாத அக்கண்களுக்கு, சுவரில் மாட்டிய வண்ணத்தாள் ஒன்றே தரிசனமாயிற்று. அதன்முன் ஏற்றிய அகல் விளக்கின் ஒளியை எவரும் தடுக்க இயலவில்லை.

தாள் வழியே இல்லம் புகுந்த இறைவன், பின்னர் தன் வாயிலையும் திறந்துவிட்டான். மகாராணி இலட்சுமி பாய்க்கு மகப்பேறு இன்மையால், ரவிவர்மாவின் மகள்வழிப் பேத்தியர் இருவர் 1900-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குச் சுவீகாரம் செய்யப்பட்டனர். அவருள் சேது பார்வதி பாயின் திருமகனே மகாராஜா சித்திரைத் திருநாள். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், அரசின் பொறுப்பில் இருந்த கோயில்களில் இந்துக்கள் அனைவரும் புகுந்து வழிபடலாம் என்று ஆணை பிறப்பித்தவர் அம்மன்னரே. கொள்ளுப் பாட்டனார் இறைவனின் வடிவை எளியோர் வீட்டுக்குக் கொண்டுசென்றார். கொள்ளுப் பேரர் அவ்வெளியோரை இறைவன் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

கோபுரம் எழுப்புவோரும் விளக்கிற்கு எண்ணெய் வார்ப்போரும் வண்ணம் குழைப்போரும் ஒரே தொண்டின் பல உறுப்பினர். பொருளும் தொழிலும் கைவிட்டுப் போயினும், மெய்யன்போடு செய்த பணி எண்ணற்ற இல்லங்களில் விளக்காய் நின்று எரியும் என்பதற்கு ரவிவர்மாவின் வாழ்வு சான்று. மூகாம்பிகையின் திருவருள் திருப்பணி அன்பர் அனைவருக்கும் துணைநிற்பதாக.