தியோடோர் எஷரிக்

தியோடோர் எஷரிக் (நவம்பர் 29, 1857 – பெப்ரவரி 15, 1911) ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரியாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவரும் நுண்ணுயிரியல் ஆய்வாளரும் ஆவார். பச்சிளங் குழந்தைகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்களை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் இவர் முதன்மையானவர். இவர் கண்டறிந்த ஈ. கோலி என்னும் பாக்டீரியா இன்று இவர் பெயராலேயே எஷரிக்கியா கோலி என வழங்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

எஷரிக் பவேரியா நாட்டின் அன்ஸ்பாக் நகரில் பிறந்தார். தந்தை ஃபெர்டினாண்ட் எஷரிக் அரசு மருத்துவ அதிகாரி. மருத்துவப் புள்ளியியலிலும் ஈடுபாடு கொண்டவர். எஷரிக்கின் ஐந்தாம் வயதில் தாய் இறந்தார். குறும்பு மிகுந்த சிறுவனாக இருந்ததால், பன்னிரண்டு வயதில் ஃபெல்ட்கிர்ச் நகரில் இயேசு சபையினர் நடத்திய உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1876 இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பல பல்கலைக்கழகங்களில் பயின்று, 1881 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் வூர்ஸ்பர்க் மருத்துவமனையில் கார்ல் கெர்ஹார்ட் என்பவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அக்காலப் பவேரியாவில் பிறந்த குழந்தைகளில் பத்தில் மூன்று ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. தாய்ப்பால் கொடுக்காமல் மாவுக் கஞ்சியும் தூய்மையற்ற பாலும் ஊட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. இறப்புகளில் பெரும்பகுதி வயிற்றுப்போக்கினால் நேர்ந்தது.

குடல் பாக்டீரியா ஆய்வுகள்

1884 இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பரவிய காலராவை ஆராய எஷரிக் அனுப்பப்பட்டார். அதன்பின் மியூனிக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். ராபர்ட் கோக் வகுத்த தூய வளர்ப்பு முறையையும் 1884 இல் வெளிவந்த கிராம் சாயமேற்றல் முறையையும் கற்று, குழந்தைகளின் மலத்தை ஆராயத் தொடங்கினார்.

வயிற்றுப்போக்கிற்குக் காரணமான கிருமியைத் தேடுவோர், நலமாக உள்ள குழந்தையின் குடலில் இயல்பாக வாழ்பவை எவை என்பதை முதலில் அறிய வேண்டும் என்று எஷரிக் கருதினார். பிறந்த குழந்தை முதலில் கழிக்கும் கருநிற மலத்தில் தொடக்கத்தில் பாக்டீரியாக்கள் இல்லை என்பதையும், பிறந்த சில மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் அவை வந்து குடியேறுகின்றன என்பதையும் கண்டார். பால் மட்டும் அருந்தும் குழந்தைகளிடம் இரு கோலுரு பாக்டீரியாக்கள் மீண்டும் மீண்டும் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கு, பெருங்குடலில் பொதுவாகக் காணப்படுவது என்ற பொருளில், பாக்டீரியம் கோலி கம்யூன் எனப் பெயரிட்டார். இம்முடிவுகளை 1885 சூலையில் மியூனிக்கில் உரையாக வழங்கினார். 1886 இல் நூலாக வெளியிட்டார்.

கிராத்ஸ் நகரில்

1890 இல் எஷரிக் ஆஸ்திரியாவின் கிராத்ஸ் நகரில் பேராசிரியராகவும் குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1892 இல், இயற்பியலாளர் லியோபோல்ட் ஃபவுண்ட்லரின் மகள் மார்கரெத்தை மணந்தார். 1894 இல், பெண் குழந்தைகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்குக் கோலி பாக்டீரியா காரணமாவதை விவரித்தார். குடலில் தீங்கின்றி வாழும் உயிரி, இடம் மாறினால் நோய் விளைவிக்கும் என்பதை இது காட்டியது. தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரம் சிகிச்சையிலும் இவர் ஈடுபட்டார். இவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் மோரோ 1900 இல் லாக்டோபாசில்லஸ் அசிடோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார்.

வியன்னாவில்

1902 இல் எஷரிக் வியன்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஒவ்வாமைக்கு அலர்ஜி எனப் பெயரிட்ட கிளமென்ஸ் ஃபொன் பிர்கே, பேலா ஷிக் ஆகியோர் இங்கு இவருடைய உதவியாளர்கள். வியன்னாவில் பச்சிளங் குழந்தைகளின் பாதுகாப்பிற்கென ஒரு சங்கத்தை நிறுவி, தாய்ப்பாலூட்டலை வலியுறுத்தினார். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்குத் தூய பால் கிடைக்கவும் முயன்றார்.

குழந்தைகளின் குடலை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த இவருடைய ஒரே மகன் லியோபோல்ட், பத்து வயதில் குடல்வால் அழற்சியால் இறந்தான். எஷரிக் பணியைத் தொடர்ந்தார். வியன்னாவில் புதிய குழந்தைகள் மருத்துவமனை அமையப் பெரிதும் உழைத்தார். அது திறக்கப்படும் முன், 1911 பெப்ரவரி 15 அன்று பக்கவாதத்தால் காலமானார்.

பெயரும் ஆய்வின் தொடர்ச்சியும்

கோலி பாக்டீரியாவை உள்ளடக்கிய பேரினத்திற்கு எஷரிக்கியா என்ற பெயரை 1919 இல் ஆல்டோ காஸ்டெல்லானியும் ஆல்பர்ட் சால்மர்சும் சூட்டினர். இருவரும் முன்னர் இலங்கையில் பணியாற்றியவர்கள். இப்பெயர் 1958 இல் முறைப்படி ஏற்கப்பட்டது. இதற்கிடையே, ஈ. கோலியின் சில வகைகள் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குவது 1945 இல் லண்டனில் நடந்த ஆய்வால் தெரியவந்தது.

இயல்பான குடலில் வாழ்பவை எவை, அவற்றின் சமநிலையை மாற்றுவது எது என்ற எஷரிக்கின் வினா, இன்று குடற்புழு ஆய்வுகளிலும் எழுகிறது. பல நாடுகளில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆல்பெண்டசோல் முதலிய குடற்புழு நீக்க மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. புழுக்கள் குடலின் சளிப்படலத்தையும் நோய் எதிர்ப்பு வினைகளையும் மாற்றக்கூடியவை. ஆகவே பாக்டீரியாக்களும் மாறுமா என்பது ஆராயப்படுகிறது. ஈக்குவடோர் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து 2013 இல் வெளியான ஆய்வில், சாட்டைப்புழுத் தொற்றோ அதற்கான சிகிச்சையோ குடல் பாக்டீரியாக்களில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காட்டவில்லை. மலேசியப் பழங்குடி மக்களிடம் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், புழுத்தொற்று உள்ளவர்களிடம் பாக்டீரியா வகைகள் மிகுந்திருந்தன. 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வு, அங்குப் புழுநீக்கச் சிகிச்சைக்குப் பின் சில பாக்டீரியாக் குழுக்கள் குறைந்து வேறு சில பெருகியதைக் காட்டியது. புழுவின் வகை, உணவு, வயது, வாழிடம் ஆகியவை இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஓரிடத்து முடிவை மற்றோரிடத்திற்கு அப்படியே பொருத்த இயலாது.