பள்ளி இல்லாத மலையில் பாடம் சொன்னவர்



கல்வி என்றதும் பள்ளிக்கூடமும் கரும்பலகையும் ஆசிரியருமே நம் கண்முன் வருகின்றன. ஆனால் பள்ளிக்கூடத்தின் வாசற்படியையே மிதிக்காத ஆயிரமாயிரம் தொழிலாளருக்குப் பத்திரிகையையும் பாட்டுப் புத்தகத்தையும் கொண்டு பாடம் சொன்ன ஒருவர் நமது மலைநாட்டில் வாழ்ந்தார். அவர்தான் கோதண்டராம நடேசய்யர். தொழிற்சங்கத்தின் முன்னோடி என்று அவரை அறிந்திருப்பீர்கள். இன்று அவரை ஓர் ஆசிரியராக உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகின்றோம்.

1887ஆம் ஆண்டு தஞ்சாவூர்ப் பகுதியில் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தவர் நடேசய்யர். தஞ்சையில் வர்த்தகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார். வியாபாரிகளுக்குப் பயன்படும் பொருட்டு 'வர்த்தக மித்திரன்' என்னும் பத்திரிகையையும் நடத்தினார். கணக்கு எழுதுவது எப்படி, வியாபாரம் செய்வது எப்படி என்று எளிய தமிழில் விளக்குவதே அன்று அவருடைய வேலை. அறிந்ததை அறியாதவருக்கு விளங்கும்படி சொல்லும் இந்தப் பழக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

1915ஆம் ஆண்டளவில் அவர் முதன்முறையாக இலங்கைக்கு வந்தார். தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் படும் பாட்டைக் கேள்வியுற்று, அதை நேரிற் காண விரும்பினார். அது எளிதான காரியமாக இருக்கவில்லை. துரையின் அனுமதியின்றி அந்நியர் எவரும் தோட்டத்துள் காலடி வைக்க முடியாது. வைத்தால் அத்துமீறல் வழக்குத்தான். எனவே நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டார். துணி மூட்டையுடன் லயம் லயமாகச் சென்றார். புடவை விற்பவரைத் தடுப்பார் எவருமிலர். மக்கள் வாழும் வாழ்க்கையைக் கண்ணாற் கண்டு, அவர்கள் சொன்னவற்றைக் காது கொடுத்துக் கேட்டார். கற்பிக்கப் போகின்றவர் முதலில் தாம் கற்றுக்கொண்டார் எனலாம்.

அவர் அங்கே கண்டது என்ன? தொழிலாளியின் பற்றும் வரவும் எழுத்தில் இருந்தன. தொழிலாளிக்கோ எழுத்துத் தெரியாது. எத்தனை நாள் பெயர் விழுந்தது என்பது செக்ரோலில் இருந்தது. பெரிய கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்னும் சீட்டில் இருந்தது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டு சட்டத்தினால் ஒழிக்கப்பட்ட பின்னரும், கங்காணியிடம் கடன்படுவது ஓயவில்லை. தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாசிக்க மாட்டாத ஒருவன், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டத்தானே வேண்டும்?

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்ய வேண்டுமென்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமார் மீது கடமை சுமத்தியிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. பல தோட்டங்களில் ஒரே அறையும் ஒரே ஆசிரியரும்தான் பள்ளிக்கூடம். பத்து வயதானதும் பிள்ளை கொழுந்தெடுக்கவோ புல்வெட்டவோ போய்விடும். வளர்ந்தவர்களுக்கு அதுவுமில்லை.

1920ஆம் ஆண்டில் கொழும்பில் குடியேறிய நடேசய்யர், அடுத்த ஆண்டே 'தேசநேசன்' பத்திரிகையில் இறங்கினார். 1924இல் 'தேசபக்தன்' தொடங்கியது. எழுத்தறியாத மக்களுக்குப் பத்திரிகை எதற்கு என்று எண்ணத் தோன்றும். ஆனால் பத்திரிகையை ஒருவர் வாங்கினால் ஒருவர் மட்டுமா படிப்பார்? எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியில் அமர்ந்து உரக்க வாசிப்பார், சுற்றியிருப்போர் கேட்பார்கள், விளங்காததைக் கேள்வி கேட்பார்கள். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் விடிய விடியக் கேட்டுப் பழகிய மக்களுக்குச் செவிவழிக் கல்வி புதியதன்று.

இந்த உண்மையை நன்கு உணர்ந்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை. 'தேசபக்தன்' ஆசிரியப் பணியிலும் அவர் கணவருக்குத் தோள் கொடுத்தார். அதைவிடப் பெரிய பணி அவருடைய பாட்டு. மக்களுக்கு ஏற்கனவே பழக்கமான மெட்டுகளில், தொழிலாளரின் நிலைமையையும் உரிமைகளையும் பாட்டாகக் கட்டினார். கூட்டங்களில் தாமே முன்னின்று பாடினார். பின்னர் அவற்றைச் சிறு நூல்களாகவும் அச்சிட்டு வெளியிட்டார். சொற்பொழிவைக் கேட்டவர் மறுநாள் மறந்துவிடலாம். பாட்டைக் கேட்டவர் மறுநாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது அதையே முணுமுணுப்பார். பெண்கள் மேடையேறுவதே அரிதான அக்காலத்தில், தம்மைப் போன்ற ஒரு பெண் உரிமையைப் பற்றிப் பாடுவதைக் கேட்ட தோட்டத்துத் தாய்மார் எவ்வளவு தைரியம் பெற்றிருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பாடங்கள் வாழ்க்கைக்கு எவ்வளவு தேவையாக இருந்தன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 1927ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. சட்டம் வந்துவிட்டது. ஆனால் 54 என்னும் எண்ணை அறியாதவர், தமக்கு அது கிடைத்ததா இல்லையா என்பதை எப்படி அறிவார்? சட்டசபையில் பெற்ற உரிமை லயத்துக்கு வந்து சேர, இடையில் யாராவது அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நடேசய்யர் இரு முனையிலும் நின்றார். 1925 முதல் 1931 வரை சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் அமர்ந்து தொழிலாளருக்காக வாதாடினார். அங்கு பேசியதை மலையேறி வந்து மக்களுக்கும் விளக்கினார்.

1931ஆம் ஆண்டு அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதற் சங்கம் அது. 'வெற்றியுனதே', 'நீ மயங்குவதேன்' என்னும் நூல்களை எழுதினார். தொழிலாளரின் துன்ப வாழ்க்கையை நாடகமாகவும் ஆக்கினார். நூல்களின் பெயர்களையே கவனியுங்கள். எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் பெயர்கள் அவை.

அவருடைய வாழ்வில் தோல்விகளும் உண்டு. உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை விலை வீழ்ந்தபோது தொழிலாளரின் சம்பளம் வெட்டப்பட்டது. அவருடைய சங்கம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. ஒரு காலத்தில் கொழும்பில் அவருடன் தோளோடு தோள் நின்ற தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்காவும் அவரை விட்டுப் பிரிந்தார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியதும் மக்கள் அதன் பின்னால் திரண்டனர். 1947ஆம் ஆண்டு நடேசய்யர் காலமானார். அதே ஆண்டுத் தேர்தலில் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகள் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர்களுள் ஒருவர் ஆசிரியரும் கவிஞருமான சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது.

இங்கே ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. பாட்டும் பத்திரிகையும் எவ்வளவு சிறந்த பாடம் சொன்னாலும், பிள்ளைகளுக்கு உரிய பள்ளிக்கூடத்துக்கு அவை ஈடாகவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1977ஆம் ஆண்டு முதற்கொண்டே அவை படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அந்தத் தாமதத்தின் விலையை ஒரு தலைமுறை செலுத்தியது.

இன்று நம் பிள்ளைகளின் கையில் பாட்டுப் புத்தகத்துக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி இருக்கிறது. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் தொலைபேசி வழியே வந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி உள்ள வீட்டிலும், சமிக்ஞை கிடைக்காத மலைச்சரிவிலும் பல பிள்ளைகள் பின்தங்கிவிட்டனர். கருவி வந்தால் கல்வி தானாக வந்துவிடும் என்பதில்லை.

இதை ஆராய்ந்தவர்களும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே களிக்குப்பம் என்னும் தமிழ்க் கிராமத்தில், சுகத மித்ரா என்னும் ஆய்வாளர் பிள்ளைகளின் நடுவே கணினியை வைத்து, உயிரியற் பாடமொன்றை ஆங்கிலத்தில் கொடுத்தார். ஆசிரியர் எவருமிலர். பிள்ளைகள் தாமாகவே ஏறக்குறைய 30 வீதப் புள்ளிகளை எட்டினர். பின்னர், அப்பாடத்தையே அறியாத இளம்பெண் ஒருவர், பேரப்பிள்ளைகளைப் பாராட்டும் பாட்டியைப் போல அருகிலிருந்து வியந்தும் கேட்டும் ஊக்கமூட்டினார். புள்ளிகள் ஏறக்குறைய 50 வீதத்தை எட்டின. 2010ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முடிவு இது. அத்தகைய ஏற்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றாகக் கருதலாகாது என்று கல்வியாளர் பலர் எச்சரித்ததும் நியாயமே. ஆயினும் அருகில் ஓர் ஆள் இருப்பதன் பெறுமதியை அது காட்டிவிட்டது.

அன்று விளக்கடியில் உரக்க வாசித்தவரும், மேடையில் நின்று பாடிய மீனாட்சியம்மையும் அந்த அருகிருக்கும் ஆள்தானே!

பெற்றோரே, எனக்குப் படிப்பில்லையே, பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பேன் என்று மலைக்காதீர்கள். களிக்குப்பத்துப் பெண்ணுக்கும் அப்பாடம் தெரியாது. இரவு உணவின் பின் பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் அமருங்கள். இன்று என்ன படித்தாய், எனக்கும் சொல் என்று கேளுங்கள். தொலைபேசியில் வந்த பாடமாயினும் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தறிந்த இளைஞர்களே, மாத முடிவில் உங்கள் லயத்துப் பெரியவர்களின் சம்பளச் சீட்டை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்; எந்தக் கழிவு எதற்கு என்று விளக்குங்கள். தோட்டத்துப் பள்ளிக்கு ஆசிரியர் போதவில்லையா? நாலு பேர் கூடிக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.

புடவை மூட்டையுடன் மலையேறிய அந்தத் தஞ்சாவூர் ஆசிரியர் தொடங்கிவைத்த பாடம் இன்னும் முடியவில்லை. அதைத் தொடர்வது உங்கள் கையிலும் எங்கள் கையிலுமே இருக்கிறது.