கலாயோகி ஆனந்த குமாரசுவாமி: மனையே முதற் பள்ளி

கல்லூரியொன்றின் விழா மலரிலே, பன்னிரண்டாவது அகவை வரை பள்ளிக்கூடத்தின் வாயிலையே மிதியாத ஒருவரின் வரலாற்றைக் கூறப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஆசிரியரும் வகுப்பறையும் மணியோசையும் தோன்றுவதற்கு முன்னரே மக்களுக்குக் கல்வி தந்து வந்தது மனையாகும். கல்லூரியின் பெருமையை எண்ணும் வேளையிலே அம்முதற் பள்ளியையும் எண்ணுதல் முறையேயாம். கலாயோகி என உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமியின் வாழ்க்கை அதற்குச் சிறந்த வழிகாட்டியாகும்.

அன்னார் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் யாழ்ப்பாண மரபில் வந்த சேர் முத்துக்குமாரசுவாமி. அவர் சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தவர். இங்கிலாந்திலே பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். பாளி நூல்களையும் அரிச்சந்திர நாடகத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய தமக்கையின் மக்களாவர். தாயார் எலிசபெத் கிளே பீபி அம்மையார் இங்கிலாந்தின் கெண்ட் மாகாணத்தைச் சேர்ந்தவர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாயும் மகனும் இங்கிலாந்து சென்றனர். அவர்களைத் தொடர்ந்து செல்ல ஆயத்தமாயிருந்த தந்தையார் 1879ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்பிற் காலமானார். இளமையிலேயே கைம்மையுற்ற அம்மையார் மனந்தளரவில்லை. மைந்தனை மனையிலேயே வைத்துக் கற்பித்து வளர்த்தார். 1889ஆம் ஆண்டிலேயே ஆனந்தர் குளொஸ்டர் மாகாணத்து விக்கிளிவ் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு மாணவராயிருந்த காலத்திலேயே அயலிலுள்ள குன்றொன்றின் நிலவியலைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையிலே கட்டுரை எழுதினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900ஆம் ஆண்டிற் சிறப்புடன் தேறினார்.

1903ஆம் ஆண்டிலே கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக அவர் இலங்கைக்கு மீண்டார். அப்பணி அவரைச் சப்பிரகமுவ மாகாணத்தின் மலைகளுக்கும் ஆற்றுப் படுகைகளுக்கும் கொண்டு சென்றது. இரத்தினபுரி, பலாங்கொடைப் பகுதிகளிலே மாணிக்கம் அகழ்வோர் நிலத்தைத் தோண்டி, இல்லம் என்னும் பரற்படையை எடுத்து, கூடையிலிட்டு நீரில் அரிப்பர். இலேசான மண் நீரோடு செல்ல, பாரமான கற்கள் அடியிலே தங்கும். அவ்வாறு தங்கிய கரிய கனசதுரக் கற்கள் சிலவற்றை ஆனந்தர் 1904ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். அவற்றை முதலில் யுரேனினைற்று என்றே அவர் கருதினார். இலண்டனிலே டன்ஸ்டன் என்னும் அறிஞர் பகுத்து நோக்கி, அது தோரியம் மிகுந்த புதுக் கனிப்பொருளெனத் துணிந்தார். தோரியனைற்று என்று இன்று வழங்கும் அக்கனிப்பொருளோடு சப்பிரகமுவவின் பெயரும் ஆனந்தரின் பெயரும் அறிவியலில் இணைந்து நிற்கின்றன.

கல்லைத் தேடிப் புறப்பட்டவர் மனிதரைக் கண்டார். பட்டறையிலே தந்தையின் அருகிருந்து உளி பிடிக்கும் சிறுவனையும், ஏட்டுக் கல்வியின்றியே அளவும் அமைதியும் பிழையாது படைக்கும் கொல்லரையும் சிற்பரையும் ஓவியரையும் கண்டார். அவருடைய துணைவியார் எதெல் அம்மையார் கலைப்பொருள்களைப் படம் பிடித்து உதவினார். அவ்வுழைப்பின் பயனாக, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908ஆம் ஆண்டிலே, கையச்சுப் பொறியில் 425 படிகள் மாத்திரம் வெளிவந்தது. மறு ஆண்டிலே இந்தியக் கைவினைஞரைப் பற்றியும் நூலொன்று எழுதினார். கைவினைஞன் குடும்பத்திலே வீடும் தொழிற்சாலையும் பள்ளியும் ஒன்றே. ஆங்கே பிள்ளை தொழிலை மட்டுமன்றி ஒழுக்கத்தையும் சமயத்தையும் சேர்த்தே கற்கின்றான் என்பது அவர் கண்ட உண்மை.

இதனாலேயே அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகளை அவர் கடிந்தார். தாய்மொழியை மறக்கச் செய்து, பெற்றோரைக் கண்டு நாணும் பிள்ளைகளை ஆக்கும் கல்வி கல்வியன்று என்றார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராயிருந்து, தாய்மொழிக் கல்விக்காகவும் நாட்டுக்கொரு பல்கலைக்கழகம் வேண்டியும் உழைத்தார்.

அவர் சப்பிரகமுவவில் ஆய்வு நடத்திய அதே ஆண்டுகளிலேதான் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைச்சாரல்களில் இறப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே லயங்களிற் குடியேறின. விடியுமுன் பெற்றோர் பிரட்டுக்குச் செல்ல, பிள்ளைகள் முதியோரிடத்தில் வளர்ந்தனர். பாட்டி சொன்ன கதையும், தாயின் தாலாட்டும், ஒப்பாரியும், லயத்து முற்றத்திலே ஆடிய காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் அவர்களுக்குப் பாடநூல்களாயின. எழுத்தறியாத கலைஞர் பலர் நெடுங்கதைகளை நெஞ்சிலே தாங்கிப் பிள்ளைகளுக்குக் கையளித்தனர். எழுத்தறிவும் பண்பாடும் ஒன்றல்ல என்றும், ஏடறியாத மக்களும் உயர்ந்த கல்வியுடையராதல் கூடும் என்றும் ஆனந்தர் பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து எழுதியதற்கு இத்தோட்டங்களே தக்க சான்றாகும்.

எனினும் ஈண்டு ஒரு வினா எழுகின்றது. எழுத்தின்றியும் பண்பாடு வாழுமாயின், தோட்டப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்போரும் உளராவர். அது ஆனந்தரின் கருத்தைத் தலைகீழாக்குவதாகும். அவருடைய தாயாருக்குக் கல்வியும் பொருளும் ஓய்வும் இருந்தன. ஆதலால் மனை பள்ளியாயிற்று. லயத்துத் தாய்க்கோ பகலெல்லாம் மரத்தோடும் கொழுந்தோடும் கழிந்தது. கூலிக் கணக்கையும் கடன் சீட்டையும் பிறர் வாசித்துச் சொன்னபடியே நம்பவேண்டியவளாக அவள் இருந்தாள். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விக் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. ஆயினும் பல தோட்டங்களிலே அது ஓரறையும் ஓராசிரியருமாகவே நெடுங்காலம் நின்றது. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அப்பாடசாலைகள் அரசாங்கப் பொறுப்பில் வந்தன. மனைக்கல்வியைப் புகழ்ந்து பள்ளியை மறுப்பது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி. பள்ளியைத் தந்து மனைக்கல்வியை இகழ்வதும் அநீதியே. ஆனந்தர் கண்டித்தது இரண்டாவதையே.

1917ஆம் ஆண்டு முதல் அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகர நுண்கலைக் காட்சிச்சாலையிலே இந்தியக் கலைப் பகுதியைப் பேணி வளர்த்தார். சிவானந்த நடனத்தின் தத்துவத்தை மேனாட்டார்க்கு விளக்கிய அவருடைய நூல் 1918ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் மைந்தன் இராமனை அயல்நாட்டுப் பள்ளிகளோடு அமையவிடாது, ஆசிரியரோடு உடனுறைந்து கற்கும் அரித்துவாரத்துக் குருகுலத்துக்கு அனுப்பினார். தாமும் பாரத நாட்டுக்கு மீண்டு எஞ்சிய நாளைத் தவத்திலே கழிக்க விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறுமுன், 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 9ஆம் நாள் மசச்சூசெற்சிலே இறைவனடி சேர்ந்தார்.

தந்தையை அறியாத மகவைத் தனித்திருந்து கற்பித்த தாயொருத்தியின் உழைப்பு, இரு கண்டங்களுக்கு ஒளி தந்த அறிஞரை நமக்களித்தது. பழைய மாணவர்களே, உங்கள் மக்களைச் சிறந்த பள்ளிக்கு அனுப்பிவிட்டதோடு கடமை முடிந்ததென்று கருதாதீர். மாணவர்களே, உங்கள் தாயோ பாட்டியோ கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ஒற்றுபவராயினும், அவரிடம் நீங்கள் கேட்டறிய வேண்டிய பாடலும் கதையும் உண்டு. அவர் உள்ளபோதே கேட்டு, நீங்கள் கற்ற எழுத்திலே எழுதி வையுங்கள். ஆசிரியர்களே, வகுப்பிலே வந்தமரும் ஒவ்வொரு பிள்ளையும் முன்னரே ஒரு பள்ளியிற் பயின்று வந்திருக்கின்றது என்பதை மறவாதீர். அப்பள்ளியை மதிக்கும் கல்லூரியே தன் பெயருக்கு உரியதாகும்.