காற்பந்தாட்ட ஆசான் ரஹீம்

ஆசிரியத் தொழிலுக்கும் காற்பந்தாட்டத்திற்கும் தொடர்பென்ன என்று கேட்போருக்கு விடையாக வாழ்ந்தவர் சையது அப்துல் ரஹீம். 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்த இவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கற்றுப் பட்டம் பெற்றுப் பள்ளியாசிரியராகப் பணிபுரிந்தார். இளமையில் பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர்க் கழகத்திலும் ஆடிய அனுபவமே பிற்காலத்தில் அவருக்குக் கைம்முதலாயிற்று.

1943இல் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும், 1950இல் நகரக் காவல்துறை அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரை வந்தடைந்தன. இரண்டையும் இறுதிவரை சுமந்தார். வலக்காலால் மட்டுமே பந்தை உதைத்துப் பழகியவன் பாதி ஆட்டக்காரனே என்பது அவர் கொள்கை. ஆதலின், வலுக்குறைந்த காலால் மட்டுமே ஆடவேண்டும் என்ற விதியுடன் பந்தயங்கள் நடத்தினார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடாமல், தோழனுக்கு உடனே தட்டிவிடும் பழக்கத்தையும் ஊட்டினார்.

அதன் பயனை நம் பம்பாய் நகரமே கண்ணாரக் கண்டது. இங்கு நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அவ்வணியே வென்றது.

இந்திய அணியின் பயிற்சியாளராக 1951இல் புதுதில்லி ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் கொணர்ந்தார். மறு ஆண்டே ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடைந்த தோல்வி அவரைச் சோர்வுறச் செய்யவில்லை. வெறுங்காலாட்டம் ஒழிந்து காலணி வழக்கத்திற்கு வந்தது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வென்று, நான்காம் இடம் பெற்றோம். அவ்வாட்டத்தில் மூன்று கோல் அடித்த நெவில் டிசூசா, நம் நகரின் டாட்டா அணி வீரர் என்பது நமக்குப் பெருமை.

1962இல் ஜகார்த்தா சென்றபோது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். பாதுகாப்பாளர் ஜர்னெயில் சிங் தலையில் அடிபட்டுத் தையலிட நேர்ந்தது. ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். இந்திய அதிகாரி ஒருவரின் பேச்சால் சினமுற்றிருந்த பெருங்கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. எனினும் செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். பி. கே. பானர்ஜியும் ஜர்னெயில் சிங்குமே கோல் அடித்தவர்கள். இலக்கைக் காத்தவர் சென்னை ரெஜிமெண்டு வழிவந்த பீட்டர் தங்கராஜ்; செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் ரஹீம் கண்டெடுத்த மணியுமான துளசிதாஸ் பலராமும் அவ்வணியில் இருந்தார்.

வென்ற ஒன்பதே திங்களில், 1963 ஜூன் 11ஆம் நாள், அந்த ஆசான் கண்மூடினார். ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் அதற்குப் பின் இந்தியா தங்கம் பெற்றதேயில்லை. சிறந்த பயிற்சியாளர்க்குரிய துரோணாச்சாரியர் விருது தோன்றியதோ 1985இல்தான். 2024இல் திரைப்படம் ஒன்று வந்த பின்னரே இளைஞர் பலர் அவர் பெயரை அறிந்தனர்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் மழைச்சேற்றில் பந்தாடும் நம் சிறுவர்க்குப் பெற்றோர் இவர் கதையைச் சொல்லவேண்டும். நம்மிடமுள்ள குறையையே முதலில் பழக்கி வலிமையாக்குக என்பதே அவர் வாழ்வு புகட்டும் பாடம். அது ஆடுகளத்திற்கு மட்டும் உரியதன்று. ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வு தேடும் நம்மனோர் அனைவர்க்கும் உரியது.