தோடி ராஜரத்தினம்

ஒரு கலைஞரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் முதலில் சொல்வது மரபு. நாதசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் அவர்களின் வரலாற்றை நான் அவருடைய ரசிகர்களிடமிருந்து தொடங்க விரும்புகிறேன். அவரைப் பற்றிப் படித்தவற்றிலும் கேட்டவற்றிலும் என்னை மிகவும் வியக்க வைத்தவர்கள் அவர்களே.

தஞ்சை மாவட்டத்துக் கோயில் ஒன்றின் திருவிழா இரவை எண்ணிப் பாருங்கள். மல்லாரி முழங்கச் சுவாமி புறப்பட்டாயிற்று. தீவட்டி வெளிச்சத்தில் வீதி முழுக்கத் தலைகள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் வந்தவர்கள் அவர்கள். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் பலர். சுரம், தாளம் என்று முறையாகக் கற்றவர்கள் மிகச் சிலரே. ராஜரத்தினம் தோடி இராகத்தை எடுக்கிறார். ஆலாபனை என்பதால் அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. கதை கிடையாது, பக்திப் பாடல் கிடையாது. மணிகள் கழிகின்றன. பாட்டு எப்போது வரும் என்று எவரும் கேட்பதாகக் காணோம். சுவாமி அடுத்த வீதி திரும்பினால் கூட்டமும் உடன் திரும்புகிறது. விடிகிற வேளையில்தான் ஊர் திரும்ப மனம் வருகிறது. சொல்லில்லாத, நீண்ட, கடினமான ஓர் இசையை எளிய மக்கள் இப்படிக் கொண்டாடியது எதனால்?

இக்கேள்வி எனக்குள் எழுந்ததற்கு நம் இசை காரணமன்று. விடுதியில் என் அறையில் உடனிருக்கும் நண்பன் ரிக் வண்டித் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். நம் திருச்செங்கோட்டில் அதில் வியப்பில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் இரைச்சலில் வளர்ந்தவன் காதில் எப்போதும் மாட்டியிருப்பது, 1970களில் இங்கிலாந்தில் தழைத்த புரோகிரசிவ் ராக் என்னும் இசை. யெஸ் என்ற குழு 1972 இல் வெளியிட்ட இசைத்தட்டில் ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது; பதினெட்டு நிமிடங்களுக்கு மேல். அதே ஆண்டில் ஜெத்ரோ டல் என்ற குழு ஒரே பாட்டை இரண்டு பக்கங்களுக்கும் நீட்டியது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 1973 ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது; நம்மவர் மிஸ்ரம் என்பதும் ஏழுதான். மூன்று நிமிடப் பாட்டுகள் விற்றுக்கொண்டிருந்த சந்தையில் இப்படி நீண்ட, சிக்கலான இசையை இலட்சக்கணக்கானோர் விலை கொடுத்து வாங்கினார்கள். அதில் என்ன கண்டாய் என்று நண்பனைக் கேட்டேன். அடுத்து எங்கே போகும் என்று தெரியாமல் காத்திருப்பதே சுகம் என்றும், காத்திருந்தவனை அது ஏமாற்றுவதில்லை என்றும் சொன்னான். அப்போது எனக்கு ராஜரத்தினத்தின் நினைவு வந்தது.

இனி மரபுப்படி அவர் வாழ்க்கைக்கு வருவோம்.

1898 ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 இல் நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தந்தை குப்புசாமி இளமையிலேயே மறைந்துவிட, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாதசுரக் கலைஞராக விளங்கிய மாமன் திருமருகல் நடேசன் அவரைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார். ராஜரத்தினம் என்ற பெயர் பின்னர் வந்ததே. பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகளும் அந்த மாமனின் ஊரையும் பெயரையும் தாங்கி நிற்பவை.

அவர் முதலில் நாதசுரத்தைத் தொடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார். நாதசுரம் அதன் பிறகே அவர் கைக்கு வந்தது. இரட்டைச் சீவாளியில் மூச்சை ஊதி, ஏழு விரல் துளைகளில் விரலை அரையும் காலுமாகத் திறந்து மூடி, உதட்டின் அழுத்தத்தால் சுரங்களை வளைக்கும் கருவி அது. சாவி கிடையாது, கட்டை கிடையாது. வாசிப்பவர் மனத்தில் பாட்டு முதலில் ஒலித்தால்தான் குழலில் ஒலிக்கும். ராஜரத்தினத்தின் குழலில் குரல் கேட்டது என்று பலரும் சொன்னதற்கு அந்த வாய்ப்பாட்டுப் பயிற்சியே அடிப்படை என்பது என் எண்ணம். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் போன்ற பெரும் பாடகர்கள் இவருடைய நாதசுரத்தைக் கேட்டுத் தங்கள் பாட்டை வளர்த்துக்கொண்டார்கள். குரலிடம் கடன் வாங்கிய குழல் குரலுக்கே திருப்பிக் கொடுத்தது.

அக்காலத்தில் எங்கும் வழங்கியது திமிரி நாதசுரம். குட்டையானது, சுருதி மிக உயர்ந்தது. நான்கு தெருவுக்கு அப்பாலும் கேட்கும். ஊர்வலத்துக்கு அது போதும். ஓர் இராகத்தை மணிக்கணக்கில் ஊதிக் காட்ட நினைத்தவருக்கு அது போதவில்லை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் கருவி செய்வதில் வல்லவரான ரங்கநாதன் ஆசாரியுடன் கூடி, நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாதசுரத்தை அவர் உருவாக்கச் செய்தார். பழைய கருவியில் சுத்த மத்தியமம் என்ற சுரத்தைச் சரியாக நிறுத்துவது பெரும்பாடு. உதட்டால் இழுத்துப் பிடிக்க வேண்டும். புதிய பாரியில் அச்சுரம் இயல்பாகப் பேசியது. தோடிக்கு உரிய ஏழு சுரங்களில் அந்தச் சுத்த மத்தியமமும் ஒன்று என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தாம் தேடிய தோடிக்காகக் கருவியையே மாற்றிக்கொண்டவர் அவர் என்று நான் எழுதினால் அது மிகையாகாது. அமைதியாக ஒலிக்கும் கருவி வந்தபின் நாதசுரம் மண்டபத்துக்குள்ளும் வர முடிந்தது. ஒலிபெருக்கிக்கு முன்னும் உட்கார முடிந்தது.

உட்கார முடிந்தது என்று எளிதாக எழுதிவிட்டேன். உட்காருவது அன்று எளிதன்று. நாதசுரமும் தவிலும் வாசிப்போர் கோயிலிலும் திருமண வீட்டிலும் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டியவர்கள். மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிந்து நிற்க வேண்டியவர்கள். வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடையும் விரிப்பும் உண்டு. மங்கல இசைக்காரருக்கு வாசற்படி. சாதி வகுத்த வரிசை அது. கலை வகுத்ததன்று. ராஜரத்தினம் இதற்கு உடன்பட மறுத்தார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார். ஷெர்வானி அணிந்தார், காலில் பூட்சு அணிந்தார், மார்பில் பதக்கங்களைத் தொங்கவிட்டுக்கொண்டார். மேடையமைத்து அதில் அமர்ந்து வாசித்தார். இன்று அவருடைய புகைப்படத்தைப் பார்க்கும் நமக்கு ஏதோ நாடக வேடம் போலத் தோன்றலாம். அந்த உடை ஒரு வழக்காடல் என்பதை அன்றைய மக்கள் நன்கு அறிந்திருந்தார்கள். தங்களைப் போலவே வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவர் அரசனைப் போல் அமர்ந்திருப்பதைக் காண்பதும் அந்தக் கூட்டத்துக்கு இசையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கும்.

ஆயினும் உடையைக் காண எவரும் விடியும்வரை நிற்கமாட்டார்கள். என் வினாவுக்கு விடை அவருடைய வாசிப்பு முறையில்தான் இருக்கிறது.

தோடி அவருடைய இராகம் அன்று, எல்லோருடைய இராகமும்தான். மேளகர்த்தாக்களில் எட்டாவது. ஒவ்வொரு சுரமும் அசைவில் உயிர் பெறுவது. நேராக நிறுத்தினால் தோடி மறைந்துவிடும். மற்றவர்கள் தோடியை அறிந்து வைத்திருந்தார்கள். இவர் ஒவ்வோர் இரவும் அதைத் தேடினார். ஒரே சுரத்தில் நெடுநேரம் நிற்பார். அதை நாலாபுறமும் தொட்டுப் பார்ப்பார். மேலே போகப் போகிறார் என்று கூட்டம் எதிர்பார்க்கும், கீழே இறங்குவார். முடித்துவிட்டார் என்று எண்ணும்போது புதிய வாசல் ஒன்று திறக்கும். எதிர்பாராத இடத்தில் பிருகாக்கள் மின்னலாய்ச் சொரிந்து மீண்டும் தொடங்கிய சுரத்தில் வந்து நிற்கும். இடையே நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் போன்றவர்களின் தவில் பதில் சொல்லும். நேற்றைய தோடி இன்று வராது. அதனால்தான் நேற்றுக் கேட்டவனும் இன்று வந்தான். படிக்காதவனுக்கு இது புரியாது என்று எண்ணி அவர் எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை. அந்த மரியாதையை மக்கள் உணர்ந்தார்கள். என் நண்பன் சொன்ன காத்திருப்பின் சுகமும் இதுவே என்று நினைக்கிறேன்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயக் குழுக்கள் நீண்ட பாட்டை முன்கூட்டியே எழுதி, பலமுறை ஒத்திகை பார்த்து, ஒலிப்பதிவு நிலையத்தில் துண்டு துண்டாக இணைத்தன. நண்பன் தன் பாட்டை ஆயிரம் முறை கேட்டாலும் அதே பாட்டுதான். ராஜரத்தினத்தின் இசை வாசித்த இடத்திலேயே கரைந்து போயிற்று. என் மனச்சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கு நாம் கொடுத்திருக்கும் விலை பெரிது.

அவர் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே அடங்கும். மணிக்கணக்கில் விரிந்த தோடியைச் சில நிமிடங்களுக்குள் மடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தோடித் தட்டு தமிழ்நாடெங்கும் ஒலித்தது. தோடி ராஜரத்தினம் என்ற பெயரை அவருக்கு நிலைக்கச் செய்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் அடங்கும் நெடுந்தட்டு அமெரிக்காவில் 1948 இல் வந்தது. யெஸ் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் அந்த நீளத்தைத் தந்தது அதுவே. நம் நாட்டில் அது பரவுமுன் இவர் காலம் முடிந்துவிட்டது. 1939 இல் தொடங்கிய திருச்சி வானொலி போன்றவை அவருடைய வாசிப்பை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றன. வானொலிப் பதிவுகள் சில இன்று இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்கும்போது பெரிய மாளிகையைச் சாளரம் வழியாகப் பார்ப்பது போலிருக்கிறது.

மற்றச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கவிஞராக நடித்தார். 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனம் டில்லிக்குச் செங்கோல் அனுப்பியபோது உடன் சென்று வாசித்தார். சங்கீத நாடக அகாதமி விருது 1955 இல் வந்தது. அவருடைய குறைகளையும் உலகம் அறியும். முன்கோபம் உண்டு, நேரம் தவறுதல் உண்டு, மதுப்பழக்கம் உண்டு. வந்த பணம் வந்த வேகத்திலேயே போயிற்று. கச்சேரிக்குக் காத்திருந்து வசைபாடியவர்களும் அவர் சீவாளியை உதட்டில் வைத்ததும் வசையை மறந்ததாகக் கூறுவர். மறந்தார்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது. வெளியூரிலிருந்து நடந்து வந்தவனின் பொழுதும் பொழுதுதானே?

1956 டிசம்பர் 12 ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். வயது 58. அவருடைய சீடர்களில் தலைசிறந்தவரான காருகுறிச்சி அருணாசலம் 1962 இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தின் வழியாகப் பாமரர் அனைவரையும் எட்டினார். அவரும் 1964 இல் நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். சென்னை இராஜா அண்ணாமலைபுரத்தில் ராஜரத்தினத்தின் பெயரால் ஒரு கலையரங்கம் இருக்கிறது. நம் ஊரில் வைகாசி விசாகத்துக்கு அர்த்தநாரீசுவரர் மலையிலிருந்து இறங்கி வீதியுலா வரும்போது நாதசுரம் முன்னே செல்கிறது. நாம் பெரும்பாலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். திருமணங்களில் கெட்டிமேளம் முடிந்ததும் பந்திக்கு எழுந்துவிடுகிறோம்.

நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு சில குடும்பங்கள் இன்றும் அங்கே அதைக் கடைந்து வருகின்றன. அதற்கு வேண்டிய ஆச்சா மரம் புதிதாக வெட்டியதாக இருக்கக் கூடாது. பல்லாண்டு காய்ந்து ஈரம் அறவே போயிருக்க வேண்டும். ஆகவே பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்திரங்களையும் தேடி வாங்கி வந்து துளையிடுகிறார்கள்.